நமக்கென ஒரு நாழிகை

ஒரு நாளைக்கு அறுபது நாழிகை என்பது நம் முன்னோர் வைத்த கணக்கு. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். முதலாளிக்கும் கூலியாளுக்கும், ஆலிமுக்கும் பாமரருக்கும் இதில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. வல்ல நாயன் எல்லாருக்கும் ஒரே படியால்தான் அளந்து கொடுத்திருக்கிறான். கடையின் பற்று வரவை இரவில் உட்கார்ந்து எழுதுகின்ற நாம், இந்த அறுபது நாழிகையும் யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று என்றைக்காவது எழுதிப் பார்த்ததுண்டா? எழுதினால் கடைக்கு இவ்வளவு, ஆலைக்கு இவ்வளவு, அடுப்படிக்கு இவ்வளவு, உறவின் நல்லது கெட்டதுக்கு இவ்வளவு என்று ஏடு நிறைந்துவிடும். ‘எனக்கு’ என்ற இடத்தில் மட்டும் எழுத ஒன்றும் இராது.

“குடும்பஸ்தனுக்கு அதெல்லாம் முடியுமா?” என்று கேட்பார்கள். “தனக்கென்று நேரம் கேட்பது சுயநலம் அல்லவா?” என்று கேட்பவர்களும் உண்டு. இவ்விரு கேள்விகளுக்கும் மார்க்கம் என்ன விடை தருகிறது என்பதையே இக்கட்டுரையில் காண இருக்கிறோம்.

நேரத்துக்கு விலை போட்ட ஊர்

கோவில்பட்டியும் அதைச் சுற்றியுள்ள எட்டயபுரம், கயத்தாறு, கழுகுமலை, விளாத்திகுளம் பகுதிகளும் உழைப்புக்குப் பேர்போன கரிசல் சீமை. மழையை நம்பிய வெள்ளாமை ஒரு புறம். பஞ்சாலையும் தீப்பெட்டித் தொழிலும் கடலைமிட்டாய்க் கடைகளும் மறுபுறம். ஆலைக்குப் போகிறவர் இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்குவார். கடை வைத்திருப்பவர் காலையில் பலகையைத் திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் சாத்துவார்.

தீப்பெட்டித் தொழில் இவ்வூர் மக்களுக்குச் சோறு போட்டது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஒரு பழக்கத்தையும் ஊட்டிவிட்டது. சட்டத்தில் குச்சி அடுக்கினால் சட்டத்துக்கு இவ்வளவு, வீட்டில் பெட்டி ஒட்டினால் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று உருப்படிக் கணக்கில்தான் கூலி. ஒரு நிமிடம் கையை நிறுத்தினால் அந்த நிமிடத்துக்கு உரிய காசு போயிற்று. எத்தனையோ வீடுகளில் தாயும் மகளும் பேசிக்கொண்டே ஒட்டினார்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒட்டினார்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளை விடியுமுன் வண்டியேற்றிப் போன காலமும் ஒன்று இருந்தது. இன்று இயந்திரங்கள் வந்து கைவேலையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. ஆனால் ‘சும்மா இருந்தால் நட்டம்’ என்ற எண்ணம் மட்டும் மனத்தைவிட்டுப் போகவில்லை. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தாலே ஏதோ குற்றம் செய்தாற்போல் நமக்கு இருக்கிறது.

எது நட்டம் என்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வேறு விதமாகக் காட்டித் தந்திருக்கிறார்கள். ஆரோக்கியம், ஓய்வு நேரம் ஆகிய இரு பாக்கியங்களில் மக்களில் பெரும்பாலோர் ஏமாந்து போகிறார்கள் என்ற கருத்துடைய நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் வந்துள்ளது. அதில் ஆளப்பட்டிருக்கும் அரபிச் சொல், வியாபாரத்தில் நல்ல சரக்கை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு நட்டப்பட்டவனைக் குறிக்கும் சொல்லாகும். ஓய்வு நேரமும் ஒரு சரக்கு. அதற்கும் ஒரு விலை உண்டு. அதை வீணே தொலைத்தவனும் ஏமாந்தவன், அதன் மதிப்பறியாமல் முழுவதையும் காசாக்கியவனும் ஏமாந்தவன் என்று நாம் விளங்கிக்கொள்ளலாம்.

‘ஹக்கு’ என்னும் சொல்

இங்கே நாம் கவனிக்க வேண்டிய சொல் ‘ஹக்கு’ என்பது. உரிமை, பாத்தியதை, கொடுத்தே தீர வேண்டிய கடன் என்றெல்லாம் இதற்குப் பொருள் உண்டு. பெற்றோர் ஹக்கு, பிள்ளைகள் ஹக்கு, மனைவியின் ஹக்கு, அண்டை வீட்டார் ஹக்கு என்று நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். நம்முடைய சொந்த ஆத்மாவுக்கும் உடலுக்கும் ஹக்கு உண்டு என்பதை ஏனோ மறந்துவிட்டோம்.

ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தோழர்களை இருவர் இருவராகச் சகோதரர்களாக்கி வைத்தார்கள். அவ்வாறு சகோதரர்களானவர்களில் ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களும் அபுத் தர்தா (ரலி) அவர்களும் உண்டு. ஒரு நாள் ஸல்மான் அவர்கள் தம் சகோதரரின் இல்லத்துக்குச் சென்றார்கள். அங்கே அபுத் தர்தாவின் மனைவியார் தம்மைக் கவனித்துக் கொள்ளாத எளிய உடையில் காணப்பட்டார். காரணம் வினவியபோது, தம் கணவருக்கு இவ்வுலகத்தில் எந்த நாட்டமும் இல்லை என்று அவ்வம்மையார் சொன்னார். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்தார் அவர் கணவர்.

உணவு வைக்கப்பட்டது. அபுத் தர்தா தாம் நோன்பு என்றார்கள். நீங்கள் உண்ணாமல் நான் உண்ணப் போவதில்லை என்றார்கள் ஸல்மான். அவரும் உண்டார். இரவு வந்தது. அபுத் தர்தா தொழ எழுந்தார்கள். உறங்கும் என்றார்கள் ஸல்மான். மீண்டும் எழுந்தார்கள், மீண்டும் உறங்கச் சொன்னார்கள். இரவின் கடைசிப் பகுதி வந்ததும், இப்போது எழும் என்று ஸல்மானே எழுப்ப, இருவரும் சேர்ந்து தொழுதார்கள். பின்னர், இறைவனுக்கும் உம்மீது ஹக்கு உண்டு, உம் ஆத்மாவுக்கும் உண்டு, உம் குடும்பத்துக்கும் உண்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் ஹக்கைக் கொடுத்துவிடும் என்ற கருத்தில் ஸல்மான் அறிவுரை கூறினார்கள். செய்தி பெருமானாரிடம் போயிற்று. ஸல்மான் உண்மையையே சொன்னார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் முத்திரையிட்டார்கள். இதுவும் புகாரியில் உள்ள நிகழ்ச்சியே.

இந்நிகழ்ச்சியில் இரு பக்கமும் பாடம் இருக்கிறது. தன் உடலையும் ஆத்மாவையும் வாட்டி வதைப்பவருக்கு, ‘நீ கொடுக்க வேண்டிய கடனைக் கொடுக்கவில்லை’ என்கிறது. தன் விருப்பத்தில் மூழ்கி மனைவியை மறந்தவருக்கும் அதையே சொல்கிறது. அபுத் தர்தா (ரலி) அவர்கள் வீணான காரியத்தில் மூழ்கியிருக்கவில்லை, வணக்கத்தில்தான் மூழ்கியிருந்தார்கள். அதற்கே இந்தத் திருத்தம் என்றால், அரட்டையிலும் கைப்பேசியிலும் நேரம் போக்கிவிட்டு ‘எனக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டாமா’ என்பவர் நிலை என்ன என்பதை அவரவரே எண்ணிக் கொள்ளட்டும்.

ஆகவே முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தனக்கென நேரம் ஒதுக்குவது சுயநலமன்று. அது ஒரு கடன். ஆனால் பிறர் கடனைப் பறித்து அதை அடைக்கலாகாது.

பெருமானார் (ஸல்) அவர்களின் தனிமை

“எனக்கு முடியுமா?” என்ற இரண்டாவது கேள்விக்கு வருவோம். உலகில் எவருடைய தோளிலாவது பெருஞ்சுமை இருந்ததென்றால் அது நம் நாயகத்தின் தோளில்தான். தூதுப் பணி, ஆட்சி, வழக்குத் தீர்ப்பு, படை நடத்துதல், விருந்தினர், குடும்பம் என்று ஒன்றா இரண்டா? அவர்களுக்கும் தனிமை இருந்தது.

நுபுவ்வத்துக்கு முன்பே ஹிரா குகைக்குச் சென்று பல இரவுகள் தனித்திருப்பார்கள். கட்டுச்சோறு தீர்ந்ததும் அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் திரும்பி வருவார்கள். அன்னையார் மீண்டும் கட்டிக் கொடுப்பார்கள். கணவர் எங்கே போகிறார், ஏன் போகிறார் என்று தெரிந்து, அதற்குத் துணையாகவும் நின்ற இல்லம் அது. வீட்டாருக்குச் சொல்லாமல் நழுவிப் போவதற்கு ஹிராவை யாரும் ஆதாரம் காட்ட இயலாது.

திருமறையின் 73-வது அத்தியாயமான முஸ்ஸம்மில், இரவில் எழுந்து நிற்கும்படி நாயகத்துக்குக் கட்டளையிட்டு, அதற்குக் காரணமாகப் பகலில் அவர்களுக்கு நீண்ட அலுவல்கள் இருப்பதைக் குறிப்பிடுகிறது. வேலை அதிகம், ஆகையால் தனிமை வேண்டாம் என்று நாம் கணக்குப் போடுகிறோம். வேலை அதிகம், ஆகையால்தான் தனிமை வேண்டும் என்று இறைவன் கணக்குப் போடுகிறான்! அதே அத்தியாயத்தின் கடைசி வசனம் அடியார்களின் நிலையறிந்து சலுகை தருவதையும் பார்க்க வேண்டும். நோயாளிகள் இருப்பார்கள், பிழைப்புத் தேடிப் பிரயாணம் செய்பவர்கள் இருப்பார்கள், போருக்குச் செல்பவர்கள் இருப்பார்கள் என்று எடுத்துச் சொல்லி, இயன்ற அளவு ஓதினால் போதும் என்று அது இலேசாக்குகிறது. பிழைப்புக்காக ஊர் ஊராய்ச் சுற்றும் வியாபாரியும் ஷிப்டு மாறி மாறி உழைக்கும் ஆலைத் தொழிலாளியும் இந்தச் சலுகையில் தம்மைக் காணலாம். கொஞ்சமாக இருக்கட்டும், அறவே இல்லாமல் போய்விட வேண்டாம்.

இமாம் திர்மிதி அவர்களின் ஷமாயிலில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் கூறும் அறிஞர்களும் உள்ளனர். ஆயினும் நாயகத்தின் இல்லற ஒழுங்கை விளக்க அதனை ஆலிம்கள் எடுத்தாண்டிருக்கிறார்கள். பெருமானார் வீட்டுக்குள் வந்ததும் தம் நேரத்தை மூன்றாகப் பகுத்துக் கொள்வார்கள். ஒரு பங்கு அல்லாஹ்வுக்கு, ஒரு பங்கு குடும்பத்தாருக்கு, ஒரு பங்கு தமக்கு. தமக்கான அந்தப் பங்கிலிருந்தும் மக்களின் தேவைக்குக் கொடுப்பார்கள் என்பது அதன் கருத்து. தமக்கென்று ஒரு பங்கை முதலில் வைத்ததால்தானே அதிலிருந்து பிறருக்குக் கொடுக்க முடிந்தது? வெறும் பானையிலிருந்து யார் அள்ளிக் கொடுக்க முடியும்?

ரமளானின் கடைசிப் பத்து நாட்களில் இஃதிகாப் இருப்பது பெருமானாரின் வழக்கம். வஃபாத்தான ஆண்டில் இருபது நாட்கள் இருந்தார்கள். அவ்வாறு இஃதிகாபில் இருந்த ஓர் இரவில் துணைவியார் ஸஃபிய்யா (ரலி) அவர்கள் பார்க்க வந்தார்கள். சற்று நேரம் பேசியிருந்துவிட்டு அவர் புறப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்களும் எழுந்து உடன் நடந்து வழியனுப்பினார்கள். தனிமையில் இருக்கிறேன் என்று அவர்கள் முகம் சுளிக்கவில்லை. நம்முடைய தனிமை நம்மைக் கடுகடுப்பானவராக ஆக்கினால், அது எங்கோ தவறிவிட்டது என்று பொருள்.

எல்லா நேரமும் வணக்கமாகவே இருக்க வேண்டுமா?

நமக்கான அந்த நேரத்தில் தஸ்பீஹும் ஓதலும் மட்டும்தானா என்ற ஐயம் எழலாம். ஹன்ளலா (ரலி) என்னும் தோழருக்கும் இத்தகைய கலக்கம் வந்தது. நாயகத்தின் சபையில் இருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்முன் தெரிகின்றன. வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடும் தொழிலோடும் கலந்ததும் மறந்து போகிறது. நான் நயவஞ்சகனாகி விட்டேனோ என்று அழுதார். அபூபக்கர் (ரலி) அவர்களும் தம் நிலையும் அதுவே என்றார்கள். இருவரும் பெருமானாரிடம் வந்தனர். எப்போதும் அதே நிலையில் இருந்தால் மலக்குகளே உங்களோடு கைகுலுக்குவார்கள். ஆனால் ஒரு நேரம் அப்படி, ஒரு நேரம் இப்படி என்பதே மனிதனின் நிலை என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது.

பள்ளிவாசலில் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருப்பதைப் பெருமானார் கண்டார்கள். ஸைனப் (ரலி) அவர்கள் தொழுது களைத்தால் அதைப் பிடித்துக் கொள்வார்கள் என்று சொல்லப்பட்டது. உடனே அவிழ்க்கச் சொல்லி, உற்சாகம் உள்ளவரை தொழட்டும், களைத்தால் அமர்ந்து கொள்ளட்டும் என்று பணித்தார்கள். ஒரு பெருநாளில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் காண விரும்பினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோளின் மறைவில் அன்னையாரை நிறுத்திக்கொண்டு, அன்னையாருக்கே போதும் என்று தோன்றும் வரை நின்றார்கள். தமக்குக் கால் வலிக்கிறதென்று முடித்துவிடவில்லை. ஆக, உறக்கமும் ஹக்கு. ஹலாலான மகிழ்ச்சியும் ஹக்கு. நல்ல நூல் ஒன்றைப் படிப்பதும், செடிக்கு நீர் வார்ப்பதும், ஒன்றும் செய்யாமல் மொட்டைமாடியில் வானத்தைப் பார்த்து இறைவனின் படைப்பை வியப்பதும் நல்லெண்ணத்தோடு செய்யப்படுமாயின் வீணல்ல.

கரிசல் நிலமும் எட்டயபுரத்துப் புலவரும்

நம் கரிசலைப் பாருங்கள். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து வடகிழக்குப் பருவமழையில் உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்து கொடுக்கும். அறுப்பு முடிந்தபின் கோடையில் அது சும்மா கிடக்கும். வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, பார்ப்பவருக்குப் பாழ் நிலம்போல் தோன்றும். ஆனால் விவரமறிந்த சம்சாரி அதைப் பாழ் என்று சொல்ல மாட்டார். கோடை மழை ஒன்று விழுந்ததும் ஓர் உழவு போட்டு வைப்பார். அவ்வாறு வைத்த நிலம்தான் அடுத்த மழைநீரை வயிற்றுக்குள் வாங்கி மாதக்கணக்கில் ஈரம் காக்கும். மனிதனின் ஓய்வும் இத்தகையதே. சும்மா கிடந்ததாகத் தெரியும் அந்நேரத்தில்தான் ரஹ்மத்தின் மழையைத் தாங்கும் பக்குவம் உள்ளத்துக்கு வருகிறது.

இதே கரிசல் மண்ணில், கோவில்பட்டிக்கு அருகேயுள்ள எட்டயபுரத்தில் அடங்கியிருக்கிறார் உமறுப்புலவர். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் எட்டயபுரம் சமஸ்தானத்தின் அவைப்புலவர். அவைப்புலவர் என்றால் அரசர் விரும்பியபோது விரும்பியதைப் பாடுவது உத்தியோகம். அந்த உத்தியோகத்தோடு அவர் நின்றிருந்தால் இன்று நமக்கு அவர் பெயர்கூடத் தெரிந்திராது. வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலும் அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவும் துணை நிற்க, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் சீறாப்புராணத்தை ஆக்கினார். அரசவைக் கடமை அவருக்குச் சோறு தந்தது. அக்கடமைக்கு அப்பால் அவர் செலவிட்ட நேரமே நமக்குச் சீறாவைத் தந்தது. நாமெல்லாம் காப்பியம் பாடப் போவதில்லை. எனினும் நம் ஒவ்வொருவருக்குள்ளும் கடைவேலையோ ஆலைவேலையோ வெளிக்கொணராத ஒன்றை இறைவன் வைத்திருக்கிறான். அதற்கு ஒரு நாழிகை கொடுக்காமல் கப்ருக்குக் கொண்டுபோவது நியாயமா?

எல்லை எது?

தனிமைக்கு வரம்பு உண்டு. ஹிஜ்ரி 488-ல் (கி.பி. 1095) இமாம் கஸ்ஸாலி அவர்கள் பக்தாதின் நிஜாமிய்யாக் கலாசாலையின் தலைமைப் பதவியை விட்டு வெளியேறினார்கள். டமாஸ்கஸ் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு தனித்திருந்தார்கள். பலரும் இதை மட்டுமே சொல்வார்கள். புறப்படுமுன் தம் செல்வத்தைப் பகிர்ந்து கொடுத்தபோது பிள்ளைகளின் தேவைக்குரியதை ஒதுக்கி வைத்தார்கள் என்பதையும், பின்னர் அப்பிள்ளைகளின் அழைப்பே தம்மைத் தாயகத்துக்கு இழுத்து வந்தது என்பதையும் இமாம் அவர்களே எழுதியிருக்கிறார்கள். இவ்விரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

இஷாவுக்குப் பின் நடுநிசி வரை டீக்கடைப் பலகையில் உட்கார்ந்திருப்பதைத் தனிமை என்று சொல்ல முடியாது. படுக்கையில் சாய்ந்து இரண்டு மணி நேரம் செல்போனைத் தள்ளிக்கொண்டே இருப்பதும் தனிமையன்று. ஆயிரம் பேரை அறைக்குள் அழைத்து வைத்திருப்பதே அது. எழுந்தபின் மனம் இலேசாக இருக்கிறதா, வீட்டாரிடம் முகமலர்ச்சி கூடுகிறதா, அடுத்த வக்துத் தொழுகைக்கு ஆசை பிறக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஹக்கு. இல்லையேல் அது வீண்.

பெண்மக்களின் ஹக்கு

இனி, நாம் மிகவும் தயக்கத்தோடு, ஆனால் சொல்லியே தீர வேண்டிய பகுதிக்கு வருகிறோம். இதுவரை சொன்னதைப் படித்து ஆண்மக்கள் தலையசைத்திருப்பார்கள். வீட்டிலுள்ள தாய்க்கும் தாரத்துக்கும் மருமகளுக்கும் இந்த ஹக்கு கிடைக்கிறதா?

இந்திய அரசின் புள்ளியியல் துறை 2019-ல் மக்கள் நேரத்தை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். 2024-ல் மறுபடி எடுத்தபோது அது முறையே 289, 88 என்றிருந்தது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! வயலுக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போய் வரும் பெண்ணுக்கு அதற்குமேல் கூலிவேலை வேறு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணி இடைவேளையும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் தொழிலாளிக்கு வகுத்துத் தந்தது. அடுப்படிக்கு எந்தச் சட்டம் இடைவேளை கொடுத்தது?

ரமளானை எடுத்துக் கொள்ளுங்கள். ஆண்கள் பள்ளிவாசலில் இஃதிகாப் இருக்கிறார்கள், மகல்லாவுக்கே பெருமை. அவர்களுக்கு ஸஹர் உணவும் இஃப்தார் பண்டமும் வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் வருகின்றன. அந்தச் சட்டியை நிரப்பியவர் இரவு எத்தனை மணிக்கு எழுந்தார்? பத்து நாட்களில் அவர் அமைதியாக ஒரு பக்கம் குர்ஆன் ஓத முடிந்ததா? பெருமானாரின் துணைவியரும் இஃதிகாப் இருந்திருக்கிறார்கள் என்பது ஹதீஸ்களில் உறுதியானது. ஹனஃபி மத்ஹபின்படி பெண் தன் வீட்டில் தொழுகைக்கென ஒதுக்கிய இடத்தில் இஃதிகாப் இருக்கலாம். ஷாஃபி மத்ஹபில் இஃதிகாபுக்குப் பள்ளிவாசல் வேண்டும். எந்த மத்ஹபாயினும் மனைவி கணவரிடம் அனுமதி பெற வேண்டும் என்பதை நாம் நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். அனுமதி என்பது வாயால் ‘இரு’ என்று சொல்வது மட்டும்தானா? கஞ்சியை யார் காய்ச்சுவது, பிள்ளையை யார் தூங்க வைப்பது என்பதற்கு வழி செய்யாத அனுமதி, பணமில்லாத காசோலை போன்றது.

நம் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தனித் தைக்காக்கள் உள்ளன. பெண்கள் அங்கே கூடித் தொழுகிறார்கள், ஓதுகிறார்கள், திக்ரு செய்கிறார்கள். வீட்டு வாசலைத் தாண்டித் தங்களுக்கென ஓர் இடம் அவர்களுக்கு இருக்கிறது. கரிசல் பக்கத்து ஊர்களில் ஜமாஅத்துகள் இதைச் சிந்திக்கலாம். தனிக் கட்டடத்துக்கு வசதியில்லை என்றால், வாரத்தில் ஒரு நாள், மதரஸாவில் பிள்ளைகள் ஓதி முடித்துப் போனபின், அந்தக் கூடத்தைப் பெண்களுக்கு விடலாமே!

நடைமுறைக்குச் சில வழிகள்

ஒன்று: அறுபதில் ஒன்று. நாளில் ஒரே ஒரு நாழிகையைத் தனக்கென ஒவ்வொருவரும் குறித்துக் கொள்ளுங்கள். ஸுபுஹுக்கு முன்னோ, அஸருக்குப் பின்னோ, ஷிப்டு முடிந்து வந்த பிறகோ, எது வசதியோ அது. நேரம் மாறாதிருந்தால் பழக்கம் நிலைக்கும். குறைவாயினும் நிலையாகச் செய்யும் அமலே இறைவனுக்கு மிக விருப்பமானது என்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியிருக்கிறார்கள்.

இரண்டு: பள்ளிவாசலுக்குள் நுழையும்போதே நஃபிலான இஃதிகாபுக்கு நிய்யத்து வைத்துக் கொள்ளுங்கள். ஹனஃபி மத்ஹபில் ஃபத்வாவுக்குரிய கருத்தின்படி இதற்குக் குறைந்தபட்சக் கால அளவு இல்லை. ஷாஃபி மத்ஹபிலும் சிறிது நேரம் தங்கினால் கூடும். கடைத்தெரு வியாபாரி அஸர் தொழுதுவிட்டுப் பதினைந்து நிமிடம் தூணில் சாய்ந்திருந்தால், ஓய்வும் ஆயிற்று, நன்மையும் ஆயிற்று.

மூன்று: வீட்டில் ஒரு மூலையைத் தொழுமிடமாக ஒதுக்குங்கள். ஓர் அறை வீடாயினும் ஒரு பாய் விரிக்க இடம் இருக்கும். அதில் உம்மாவோ மருமகளோ அமர்ந்திருக்கும்போது, வீடு தீப்பிடித்தாலன்றிக் கூப்பிடக் கூடாது என்று வீட்டார் அனைவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். தொழுகை இல்லாத நாட்களிலும் அந்த மூலை பெண்ணுக்கு உரியதே. திக்ரும் ஸலவாத்தும் துஆவும் அந்நாட்களில் தடையில்லை.

நான்கு: அந்நேரத்தில் அவரது வேலையை இன்னொருவர் செய்ய வேண்டும். குழாயில் தண்ணீர் வந்தால் மகன் பிடிக்கட்டும். அழுகிற பிள்ளையை அத்தா தூக்கட்டும். பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலையில் ஒத்தாசையாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தரும் செய்தி. அது எந்த ஆணுக்கும் குறைவாகாது.

ஐந்து: அந்த நாழிகைக்குச் செல்போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

ஆறு: இவ்வாண்டு ரமளானில் ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது, ஸஹர் சமையலை ஆண்கள் ஏற்றுக் கொள்ளுங்கள். உப்புக் கூடினாலும் குறைந்தாலும் நோன்பு செல்லும்.

ஜும்ஆவின் சாட்சி

“ஒரு நாழிகை போனால் வியாபாரம் போய்விடும்” என்று இன்னும் தயங்குபவருக்கு ஒரு வார்த்தை. திருமறையின் 62-வது அத்தியாயம், ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு இறைநினைவுக்கு விரையும்படியும், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடும்படியும் பணிக்கிறது. வாரந்தோறும் நம் கடைக்காரர்கள் கல்லாவைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறார்கள். அதனால் அழிந்த கடை எது? பூட்டிய கடை திறந்தபோது வாடிக்கையாளரும் வந்தார், பரக்கத்தும் வந்தது. வாரத்தில் ஒரு நாள் கண்ட உண்மையை நாள்தோறும் ஒரு நாழிகைக்கு நம்பக் கூடாதா?

நாளை மஹ்ஷரில் ஆயுளை எவ்வழியில் கழித்தாய் என்ற கேள்வி உண்டு. அன்று முதலாளியோ, மாமியாரோ, ஊர்ப்பேச்சோ நமக்காக விடை சொல்ல முன்வரப் போவதில்லை. தனியாக நின்று விடை சொல்ல வேண்டியவர், இன்று சற்றுத் தனியாக இருந்து பழக வேண்டாமா? நம்மைப் பெற்றவளும் நமக்கு வாழ்க்கைப்பட்டவளும் அவ்வாறே தனியாக நின்று விடை சொல்ல இருப்பவர்கள்தாமே. அவர்களது ஆயத்தத்துக்கு நாம் எத்தனை நாழிகை விட்டுக் கொடுத்தோம்?

நம் ஆத்மாவின் ஹக்கை நாமும் நிறைவேற்றி, நம் இல்லத்தார் நிறைவேற்றவும் துணை நிற்கும் நல்லுள்ளத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.